பெட்டிக்குள் வராத பாதி

வீடியோ கேம் கம்பெனிகள் சினிமாவைத் தோற்கடிக்கும் படங்களையும், உலகத்தையே இணைக்கும் ஆட்டத்தையும் வாக்களிக்கின்றன. பீர்மேடு போன்ற மலையூர்களுக்கு வந்து சேருவது அதில் ஒரு பகுதி மட்டுமே. விலை மட்டும் முழுசு.

கோட்டயத்திலிருந்து குமுளிக்குப் போகும் கே.கே. ரோடு, முண்டக்கயத்தைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்குகிறது. பெருவந்தானம், சாலையோரத்து வளஞ்ஞாங்கானம் அருவி, குட்டிக்கானம் என்று வளைந்து வளைந்து ஏறி, சுமார் 3,000 அடி உயரத்தில் பீர்மேட்டைத் தொடுகிறது. பீர் முகம்மது என்ற சூஃபி ஞானியின் பெயரைத் தாங்கிய ஊர். ஒரு காலத்தில் திருவிதாங்கூர் மன்னர்கள் கோடையைக் கழித்த இடம். இன்று தேயிலை, ஏலக்காய், மூடுபனி, விடாத மழை. தோட்டங்களின் லயங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள். அரிசி மூட்டையும் உர மூட்டையும் ஏறி வரும் இந்தப் பாதையில்தான், கூரியர் வண்டிக்குள் பளபளக்கும் அட்டைப் பெட்டியில் பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் வந்தாக வேண்டும்.

அந்தப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பித்தான் பணம் கைமாறுகிறது. அச்சு எப்போதும் உண்மையைச் சொல்வதில்லை. 2020 நவம்பரில் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 5 சாதனத்தை வெளியிட்டபோது பெட்டியின் மேல் '8கே' என்ற முத்திரை இருந்தது. அதாவது, சாதாரண முழு எச்.டி. படத்தைவிடப் பதினாறு மடங்கு புள்ளிகள் கொண்ட படம். அந்தத் தரத்தில் ஓடும் விளையாட்டைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது விரல் விட்டு எண்ணும் அளவுகூட இல்லை. 2024 வாக்கில் புதிய பெட்டிகளிலிருந்து அந்த முத்திரை ஓசையில்லாமல் காணாமல் போனது. ஏற்கனவே வாங்கியவர்களின் வீட்டுப் பரணில் பழைய பெட்டி இருக்கிறது, முத்திரையோடு.

டி.வி.யுடன் இணைத்து விளையாடும் இந்தச் சாதனத்தைக் கடைக்காரர்கள் 'கன்சோல்' என்கிறார்கள். அதன் மீதான மனக்குறைகள் உலகம் முழுவதும் இரண்டு தலைப்புகளுக்குள் அடங்கிவிடும். ஒன்று, விளம்பரத்தில் பார்த்த படம் வீட்டில் வரவில்லை. இன்னொன்று, 'ஆன்லைன்' என்று சொன்னது சரியாக வேலை செய்யவில்லை. டோக்கியோவிலும் லண்டனிலும் இது ஒரு சலிப்பு. மாதச் சம்பளத்தை எண்ணி வாழும் மலையூரில் இது குடும்பத்தின் சேமிப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

172 நாள் கூலி

கணக்கைப் பார்த்தால் புரியும். பிளேஸ்டேஷன் 4 இந்தியாவில் 2014 ஜனவரியில் விற்பனைக்கு வந்தபோது விலை ரூ. 39,990. அடுத்த ஆண்டு, 2015 செப்டம்பரில், மூணாறு தோட்டப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அவர்கள் எதிர்த்த தினக்கூலி ரூ. 232. கேட்டது ரூ. 500. அந்த அக்டோபரில் மாநிலத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு முடிவானது ரூ. 301. பழைய கூலிப்படி பார்த்தால், அந்த விளையாட்டுப் பெட்டி ஒன்றுக்கு 172 நாள் கொழுந்து பறிக்க வேண்டும். புதிய கூலிப்படி 133 நாள். அதற்கிடையில் யாரும் சாப்பிடக்கூடாது, பஸ் ஏறக்கூடாது, காய்ச்சலில் படுக்கக்கூடாது.

பீர்மேடு பகுதிக்கு இந்தக் கணக்கு இன்னும் கசப்பானது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் தேயிலை விலை சரிந்தபோது இங்கே பல எஸ்டேட்கள் மூடப்பட்டன. கூலியே நின்றுபோன லயங்கள் உண்டு. ஆகவே எல்லா வீட்டுக் கதவையும் இந்தப் பெட்டி தட்டுவதில்லை. சொந்தமாக ஏலத்தோட்டம் வைத்திருப்பவர், கடை நடத்துபவர், பிள்ளை வளைகுடாவிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் குடும்பம் என்று சிலருக்குத்தான் அது எட்டும். மற்றவர்களுக்கு இருப்பது, யாரோ விளையாடி முடித்து விற்ற செகண்ட் ஹேண்ட் சாதனம். எந்த வழியில் வந்தாலும், டி.வி.யைப் போட்டதும் அப்பா கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: "என்னடா, இத்தனை ஆயிரத்துக்கு இதானா?"

கேள்வி நியாயமானது. பையனால் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம், அவனுக்கு விற்கப்பட்டது பாதிப் பொருள். மீதிப் பாதியான டி.வி., கம்பி வழி இணையம், அருகில் ஒரு சர்வர், மாதச் சந்தா, தடையில்லா மின்சாரம் எதுவும் பெட்டிக்குள் இல்லை.

9999 கேம்ஸ், உண்மையில் நாலு

இந்தியக் குழந்தைகளுக்கு இது புதிய அனுபவமும் இல்லை. 1990-களில் சமுராய், லிட்டில் மாஸ்டர், மீடியா போன்ற பெயர்களில் டி.வி. கேம்கள் விற்றன. ஜப்பானின் நிண்டெண்டோ சாதனத்தில் ஓடும் விளையாட்டுகளை ஓட்டியவை அவை. பல அசலின் நகல்கள். கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். அதன் மேல் '9999 இன் 1' என்று கொட்டை எழுத்து. போட்டுப் பார்த்தால் மரியோ, கான்ட்ரா, டாங்கி, சர்க்கஸ் என்று பழகிய சில ஆட்டங்களே வெவ்வேறு பெயரில், வெவ்வேறு லெவலில் திரும்பத் திரும்ப வரும். எண்ணை நம்பி வாங்கிய பையனுக்கு வியாபார உலகத்தின் முதல் பாடம் அங்கேதான் கிடைத்தது. ஆனாலும் மனக்குறை பெரிதாக வளரவில்லை. விலை கொஞ்சம்; பழைய டி.வி.யே போதும், கேசட்டை எடுத்து ஊதிவிட்டுப் போட்டால் ஓடும். வாங்கியது முழுதாகக் கையில் இருந்தது.

அசல் சாதனம் அன்றும் எட்டாக்கனிதான். சேகா நிறுவனத்தின் மெகா டிரைவை 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அப்போது இறக்குமதி வரி 80 சதவீதம். அந்தச் சுமையைத் தவிர்க்கும் ஏற்பாட்டுக்குப் பிறகும் விலை ரூ. 18,000. நடுத்தரக் குடும்பம் அந்தப் பணத்துக்கு கலர் டி.வி. வாங்குமா, டி.வி.யில் ஆடும் பொம்மை வாங்குமா?

'ஆன்லைன்' என்ற மந்திரம் நுழைந்தது அடுத்த பத்தாண்டில். 2006 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தனது எக்ஸ்பாக்ஸ் 360-ஐ ரூ. 19,990-க்கும் ரூ. 23,990-க்கும் இந்தியாவில் இறக்கியது. நடிகர் அக்ஷய் குமாரும் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கும் விளம்பரத் தூதர்கள். 2007 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3 ரூ. 39,990-க்கு வந்தது. உலகின் எந்த மூலையில் இருப்பவரோடும் விளையாடலாம் என்பது இரண்டுக்கும் பொதுவான கவர்ச்சி. அன்று இந்திய அரசின் விதிப்படி வினாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அதற்கு 'பிராட்பேண்ட்' என்று பெயர். அந்த வரையறை 2013-ல் 512 கிலோபிட்டாகவும், 2023-ல்தான் 2 மெகாபிட்டாகவும் உயர்ந்தது. உலகத்தோடு மோதச் சொன்ன சாதனத்துக்கும், அதை உலகத்தோடு இணைத்த கம்பிக்கும் இடையில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம்.

போதாக்குறைக்கு, சாதனங்களே சறுக்கின. எக்ஸ்பாக்ஸ் 360-ன் முகப்பில் சிவப்பு விளக்கு வளையம் எரிந்தால் அது இறந்துவிட்டது என்று பொருள். புகார்கள் குவிந்து, 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, அதற்காக 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க நேர்ந்தது. 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் ஊடுருவல் நடந்து, சுமார் 7.7 கோடி கணக்குகளின் விவரங்கள் ஆபத்துக்குள்ளாயின. மூன்று வாரங்களுக்கும் மேல் அந்தச் சேவை மூடிக்கிடந்தது. ஆன்லைன் என்பது வாங்கிய பொருளின் குணம் அல்ல. கம்பெனி தினமும் தரவேண்டிய ஒரு சேவை, அது நிற்கவும் கூடும் என்று பலருக்கும் உறைத்தது அப்போதுதான்.

முதல் மாவட்டம், கடைசி மைல்

இந்த இடத்தில் இடுக்கி மாவட்டத்துக்கு ஒரு விசித்திரமான பெருமை உண்டு. நாட்டின் எல்லா கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் ஒளியிழைக் கம்பி போடும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் தந்தது. தேசிய ஒளியிழை வலையமைப்பு என்று பெயர். பின்னர் பாரத்நெட் ஆனது. அந்தத் திட்டத்தில் முழுமையாக இணைக்கப்பட்ட இந்தியாவின் முதல் மாவட்டம் டெல்லியைச் சுற்றியோ மும்பையைச் சுற்றியோ இல்லை. காடும் மலையும் சூழ்ந்த இடுக்கிதான். 2015 ஜனவரி 12 அன்று அப்போதைய மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அதைத் தொடங்கிவைத்தார். ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் 100 மெகாபிட் என்பது இலக்கு.

ஆனால் கம்பி வந்து நின்றது பஞ்சாயத்து அலுவலகத்தில். அங்கிருந்து தேயிலைச் சரிவுகளைத் தாண்டி லயத்துக்கும் ஏலத்தோட்டத்து வீட்டுக்கும் போவது வேறு வேலை, வேறு செலவு. நகரத்தில் ஒரு கம்பத்திலிருந்து நாற்பது வீட்டுக்கு இணைப்பு தரலாம். இங்கே ஒரு வீட்டுக்கு நாலு கம்பம் வேண்டும். மேலே மரம் விழும். மழையில் மண் சரியும். 2021 அக்டோபரில் பீர்மேடு தாலுகாவின் கொக்கயாறில் நடந்த நிலச்சரிவு, இந்த மண்ணில் எதுவும் நிரந்தரமில்லை என்பதற்குச் சோகமான சாட்சி.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடி வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனபோது, இடுக்கி மலைகளில் மாணவர்கள் செல்போன் சிக்னல் தேடி மேட்டுக்கு மேடு ஏறியது செய்தியானது. முதல் ஒளியிழை மாவட்டத்தின் பிள்ளைகள் அவர்கள். பாடத்துக்கே அந்தக் கதி என்றால், விளையாட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டுக்கு இணையம் எவ்வளவு தேவை? 1990-களின் கேசட்டில் மொத்த விளையாட்டும் இருந்தது. இன்று வட்டு வாங்கினாலும் சில விளையாட்டுகளுக்கு அதில் இருப்பது தொடக்கம்தான்; மீதியும் திருத்தங்களும் இணையம் வழியாக இறங்கும். வட்டே போட முடியாத மலிவு ரகக் கன்சோல்களும் உண்டு. அவற்றுக்கு இணையம் இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை. 'கால் ஆஃப் டியூட்டி'யின் 2019 பதிப்பு, திருத்தங்கள் சேரச் சேர, 2020-ல் 200 ஜி.பி.யைத் தாண்டியது. வினாடிக்கு 20 மெகாபிட் வேகம் சிறிதும் குறையாமல் வந்தால் அதை இறக்க 22 மணி நேரம் ஆகும். 4 மெகாபிட் என்றால் நாலரை நாளுக்கும் மேல். அரசே 'பிராட்பேண்ட்' என்று ஏற்கும் 2 மெகாபிட்டில் ஒன்பது நாளைத் தாண்டும். நடுவில் மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும். 780 மெகாவாட் மின்சாரம் தரும் இடுக்கி திட்டம் 1976 முதல் இதே மாவட்டத்தில்தான் இயங்குகிறது. ஆனாலும் இடி மின்னல் மாலைகளில் டி.வி. பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் மலைவாசிகளின் முதல் பாதுகாப்பு விதி.

நிலைமை மாறவில்லை என்று சொல்ல முடியாது. கேரள அரசின் சொந்த ஒளியிழைத் திட்டமான கேஃபோன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் வாக்குறுதி. முதல் கட்டத்தில் தொகுதிக்கு 100 வீடு என்று 14,000 வீடுகள். தனியார் கேபிள்காரர்களும் ஒளியிழையை மலைக்கு ஏற்றியிருக்கிறார்கள். கம்பி எட்டிய வீட்டுக்கும் எட்டாத வீட்டுக்கும் இடையே ஒரு வளைவுதான் தூரம். விளம்பரமோ இரண்டு வீட்டுக்கும் ஒன்றே.

அரை நொடிக்கும் குறைவான தோல்வி

கம்பி வந்த பிறகும் ஒரு வம்பு பாக்கி. துப்பாக்கிச் சண்டை, கால்பந்து, கார் பந்தயம் போன்ற ஆட்டங்களில் வேகம் என்பது எவ்வளவு இறங்குகிறது என்பதல்ல. பொத்தானை அழுத்தியதும் அந்தச் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்பதே முக்கியம். ஆட்டக்காரர்கள் இதை 'பிங்' என்கிறார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கேரளத்திலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லி வினாடி. இது இயற்கை விதிக்கும் குறைந்தபட்சம். கம்பி நேர்கோட்டில் போவதில்லை. வழியில் பல சந்திப்புகள் உண்டு. ஆகவே உண்மையில் ஆவது இதைவிட அதிகம். வினாடிக்கு 60 படங்கள் காட்டும் விளையாட்டில் ஒரு படத்தின் ஆயுள் 17 மில்லி வினாடிக்கும் குறைவு. எதிராளி சர்வருக்குப் பக்கத்தில் இருந்தால், மலையூர்ப் பையன் அவனைப் பார்க்கும் முன்பே சுடப்பட்டிருப்பான்.

அதனால்தான் மும்பையில் சர்வர் வைத்திருக்கும் விளையாட்டு எது, சிங்கப்பூருக்கு அனுப்பும் விளையாட்டு எது என்பது இந்திய ஆட்டக்காரர்களுக்கு வாழ்வா சாவா பிரச்னை. பெட்டியின் மேலோ விளையாட்டு வட்டின் உறையிலோ அந்தத் தகவல் அச்சிடப்படுவதில்லை. தோற்றவன் தன் விரலைத்தான் நொந்துகொள்வான்.

சந்தா கட்டினாலும் முழுச் சாப்பாடு கிடைப்பதில்லை. பிளேஸ்டேஷன் 4 முதல், பெரும்பாலான விளையாட்டுகளை மற்றவர்களோடு ஆன்லைனில் ஆட 'பிளேஸ்டேஷன் பிளஸ்' சந்தா வேண்டும். 2022 ஜூனில் சோனி அதை மூன்று அடுக்காகப் பிரித்தபோது இந்தியாவில் தொடக்க அடுக்கு மாதம் ரூ. 499, ஆண்டுக்கு ரூ. 2,999. அமெரிக்காவில் உச்ச அடுக்குக்கு 'பிரீமியம்', இந்தியாவில் 'டீலக்ஸ்'. பெயர் மாறியதற்குக் காரணம், கிளவுட் வழியாக விளையாட்டை நேரடியாக ஓட்டும் வசதி இங்கே தரப்படவில்லை. பழைய பிளேஸ்டேஷன் 3 ஆட்டங்கள் அந்த வழியில் மட்டுமே வருவதால் அவையும் கிடையாது.

நிண்டெண்டோ இன்னும் ஒருபடி மேல். 2017 மார்ச்சில் உலகச் சந்தைக்கு வந்து 15 கோடிக்கும் மேல் விற்ற அதன் 'ஸ்விட்ச்' சாதனம், இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கே வரவில்லை. இங்கே கிடைத்ததெல்லாம் பர்மா பஜார் பாணி வியாபாரம்தான். வேறு நாட்டு முகவரியில் கணக்குத் திறந்து விளையாட வேண்டும். பழுதானால் கேட்க ஆளில்லை.

83 லட்சம் புள்ளிகள் எங்கே போயின?

படத்தின் கதைக்கு வருவோம். 4கே படத்தில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். பல இந்திய வீடுகளில் இருக்கும் 32 அங்குல 'எச்.டி. ரெடி' டி.வி.யின் திரையில் சுமார் 10.5 லட்சம் புள்ளிகள்தான். அரை லட்சம் ரூபாய் சாதனம் உழைத்து உருவாக்கும் படத்தில் எட்டில் ஒரு பங்குக்குத்தான் அந்தத் திரையில் இடம். மீதி சுருக்கப்பட்டுவிடும். பெட்டி பொய் சொல்லவில்லை என்றாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சாதனத்தின் விலைக்கு இணையாக இன்னொரு தொகையை டி.வி.க்குப் போட்டால்தான் விளம்பரத்தில் பார்த்தது தெரியும். 1990-களில் எட்டு பிட் கேமிலிருந்து பிளேஸ்டேஷனுக்குத் தாவியபோது பழைய டி.வி.யிலேயே வாய் பிளக்க முடிந்தது. பின்னர் வந்த ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடப் பல மடங்கு சக்தி கொண்டது; கண்ணுக்குத் தெரிந்த மாற்றமோ குறைந்துகொண்டே வந்தது.

நல்ல டி.வி. வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. விளம்பரப் படத்துக்கும் விளையாட்டுக்கும் உள்ள இடைவெளி இந்தத் தொழிலின் பழைய நோய். 2005-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் பிளேஸ்டேஷன் 3-க்காகக் காட்டப்பட்ட 'கில்ஸோன்' முன்னோட்டம் உலகை மயக்கியது. அது சாதனத்தில் ஓடிய விளையாட்டே அல்ல, முன்கூட்டித் தயாரித்த படம் என்று பின்னர் தெரிந்தது. அந்த விளையாட்டு கைக்கு வந்தது 2009-ல். 2016 ஆகஸ்டில் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' எல்லையற்ற பிரபஞ்சத்தை வாக்களித்தது. இரண்டு பேர் ஒரே கிரகத்தின் ஒரே இடத்துக்குப் போய் நின்றும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. சேர்ந்து ஆடும் வசதி முழுமையாக வந்தது 2018 ஜூலையில்.

உச்சம் 'சைபர்பங்க் 2077'. போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட அந்த விளையாட்டு, பழைய பிளேஸ்டேஷன் 4-ல் மங்கலான முகங்களோடும் அடிக்கடி உறையும் திரையோடும் ஓடியது. பழைய சாதனங்களில் அது எப்படி ஓடும் என்பதை முன்பே காட்டியிருக்க வேண்டும் என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எட்டே நாளில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூனில்தான் அது மறுபடி கடைக்கு வந்தது. 2022 நவம்பரில் நிண்டெண்டோவின் புதிய 'போக்கிமான்' ஆட்டங்கள் தடுமாறும் படங்களோடு வந்தன. கம்பெனி வருத்தம் தெரிவித்தது. அதற்குள் மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றுத் தீர்ந்திருந்தன. ஏமாற்றம் விற்பனையைப் பாதிக்காதவரை அவசரம் எதற்கு?

சொந்த நாட்டுச் சரக்கும் ஆறுதல் தரவில்லை. இந்தியாவிலேயே முழுமையாக உருவான முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டு என்ற அறிவிப்போடு 2009-ல் 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தது. ஹைதராபாத்தின் அரோனா நிறுவனம் பிளேஸ்டேஷன் 2-க்காகச் செய்தது. தெய்வத்தைப் பொத்தானால் இயக்கலாமா என்று ஒரு பக்கம் எதிர்ப்பு. படமும் இயக்கமும் சுமார் என்று விமர்சகர்கள் மறுபக்கம்.

வளரும் நாடுகளுக்கென்றே சாதனம் செய்யும் முயற்சியும் நடந்தது. குவால்காம் ஆதரவோடு 2009-ல் பிரேசிலில் வந்த 'ஸீபோ' செல்போன் வலையமைப்பு வழியாக விளையாட்டை இறக்கித் தந்தது. பிராட்பேண்ட் தேவையில்லை. எண்ணம் சரி; படத்தின் தரமோ பல ஆண்டுப் பழைய சாதனங்களோடு போட்டியிடவே திணறியது. இந்தியாவும் திட்டத்தில் இருந்தது. 2011-ல் கடையை மூடிவிட்டார்கள். கம்பி இல்லாத ஊருக்கான கன்சோல் என்ற யோசனை அதோடு போயிற்று.

கைப்பேசி ஜெயித்த கதை

அந்த இடத்தைப் பிடித்தது செல்போன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை தரைக்கு இறங்கியது. 2018-ல் 'பப்ஜி' மொபைல் வந்தது. புதிதாகப் பெட்டி வேண்டாம், சந்தா வேண்டாம். வீட்டில் இருக்கும் போனே போதும். 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. 2021 ஜூலையில் வேறு பெயரில் திரும்பி, 2022-ல் மறுபடி மறைந்து, 2023 மே மாதம் மறுபடி வந்தது. இத்தனை அலைக்கழிப்பிலும் இளைஞர்கள் அதை விடவில்லை. காரணம், படம் பிரமாதம் என்பதல்ல. எது தரப்படும் என்று சொன்னதோ அது கையிலிருக்கும் போனிலேயே கிடைத்தது.

கன்சோல் கம்பெனிகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அவர்கள் பக்கத்து நியாயமும் இல்லாமல் இல்லை. சாதனம் உலகத்துக்கெல்லாம் ஒன்றாகச் செய்யப்படுகிறது; பீர்மேட்டின் கம்பத்துக்கு சோனி பொறுப்பல்ல. சைபர்பங்க்கும் நோ மேன்ஸ் ஸ்கையும் பின்னர் திருத்தப்பட்டு நல்ல பெயர் வாங்கின. ஆனால் இந்தத் திருத்தங்களும் ஆன்லைனில்தான் வருகின்றன. நல்ல இணைப்பு இருப்பவனுக்கு நோயும் சீக்கிரம் தீர்கிறது. இல்லாதவன் வெளியான அன்று வட்டில் இருந்த குறைகளோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

சட்டம் இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தவறான எண்ணம் தரும் விளம்பரத்தைத் தண்டனைக்குரியதாக்குகிறது. புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெட்டி எங்கிருந்து வந்தாலும், இடுக்கி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவு பீர்மேட்டுக்காரருக்குத் திறந்தே இருக்கிறது. பில் இருந்தால் போதும். செகண்ட் ஹேண்டிலும் கள்ளச் சந்தையிலும் வாங்கியவரிடம் இல்லாதது அதுதான்.

வழக்குக்கு முன்னால் செய்ய வேண்டியது இன்னும் எளிது. மின்விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் எத்தனை நட்சத்திரம் என்று ஒட்டும் நாட்டில், கன்சோல் பெட்டியின் மேலும் நாலு வரி அச்சிடச் சொல்லலாம். முழுப் படம் தெரிய எந்த டி.வி. வேண்டும்? விளையாட்டை இறக்க எத்தனை ஜி.பி.? ஆன்லைனில் ஆட ஆண்டுக்கு எவ்வளவு சந்தா? இந்தியாவில் எந்தச் சேவை கிடையாது? இவை ரகசியங்கள் அல்ல. கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரிந்த விடைகள். அச்சிடும்வரை, பணத்தை எண்ணும் முன் கடைக்காரரிடம் இந்த நாலு கேள்வியையும் கேட்பது வாங்குபவரின் வேலை.

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரி 2 அன்று. விலை ரூ. 49,990. ஜனவரியில் முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்தது. புதிய விளையாட்டு ஒன்று ரூ. 4,999 வரை. 2022 நவம்பரில் சாதனத்தின் விலை ரூ. 54,990 ஆக ஏறியது. விலைப்பட்டியலைப் பொறுத்தவரை குட்டிக்கானத்துக்கும் குர்கானுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. மூடுபனி இறங்கிய மாலையில், இறங்கி முடிய இன்னும் எண்பது சதவீதம் பாக்கி என்று காட்டும் திரையின் முன் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியும்.